வளைந்து கொடுத்த தேசபந்து

நமது சங்கத்து உறுப்பினர்களில் பலர் லேக் மார்க்கெட், ராஷ்பிஹாரி அவென்யூ பக்கம் குடியிருப்பவர்கள். அல்லது ஒரு காலத்தில் குடியிருந்தவர்கள். அங்கிருந்து ஹாஜ்ரா போகிற வழியில் உள்ள சித்தரஞ்சன் சேவா சதன் ஆஸ்பத்திரியை அவர்களில் அறியாதவர் இருக்க முடியாது. நான் பி.எஸ்ஸி. ரசாயனம் படித்து மத்திய அரசுப் பணியில் சேர்ந்து, 1974-ல் கல்கத்தாவுக்கு மாற்றலாகி வந்தேன். அன்று முதல் அந்த ஆஸ்பத்திரியின் வாசலைத் தாண்டித்தான் தினமும் ஆபீஸுக்குப் போய் வந்தேன். 1979-ல் என் மூத்த பெண் பிறந்ததும் அங்கேதான்.

குழந்தை பிறந்த செய்தியை ஆஸ்பத்திரியின் பெயரோடு அப்பாவுக்கு எழுதினேன். கும்பகோணம் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு வாரத்தில் இன்லண்ட் லெட்டர் வந்தது. ஆசீர்வாதம், நட்சத்திரம், நாமகரணம் எல்லாம் எழுதிவிட்டு, கடைசியில் இடம் இல்லாமல் ஓரத்தில் நுணுக்கி ஒரு வரி எழுதியிருந்தார். இந்தக் குழந்தை யார் பெயருள்ள இடத்தில் பிறந்திருக்கிறது என்று தெரிந்தால் உன் தாத்தா முகத்தைச் சுளித்திருப்பார், சின்னத் தாத்தா சர்க்கரை வழங்கியிருப்பார் என்பது அதன் சாரம்.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அடுத்த லீவில் ஊருக்குப் போனபோது கேட்டேன். அப்பா சொன்ன கதையைப் பின்னால் சொல்கிறேன். அதற்கு முன்னால், எங்கள் குடும்பத்தை இரண்டாக்கிய அந்தப் பெரிய மனிதரின் சரித்திரத்தைச் சொல்ல வேண்டும். 2025 ஜூன் 16-ஆம் தேதியோடு அவர் மறைந்து நூறு ஆண்டுகள் நிறைந்துவிட்டன. நமது இளைய உறுப்பினர்களுக்குச் சித்தரஞ்சன் அவென்யூ தெரியும், அந்தப் பெயருக்கு உரியவரைத் தெரியாது என்பதால் இதை எழுதத் துணிந்தேன்.

இளமையும் கடனும்

சித்தரஞ்சன் தாஸ் 1870 நவம்பர் 5-ஆம் தேதி கல்கத்தாவில் பிறந்தார். பூர்வீகம் டாக்கா ஜில்லா விக்ரம்பூரைச் சேர்ந்த தேலிர்பாக் கிராமம். தகப்பனார் புவன் மோகன் தாஸ் ஹைகோர்ட்டில் அட்டர்னி. பிரம்ம சமாஜத்தைச் சேர்ந்தவர். பிள்ளை பிரெசிடென்ஸி காலேஜில் பட்டம் பெற்று, ஐ.சி.எஸ். ஆவதற்காகச் சீமைக்குப் போனார். அங்கே 1892-ல் தாதாபாய் நௌரோஜி பார்லிமெண்டுக்குப் போட்டியிட்டபோது அவருக்காகக் கூட்டங்களில் பேசினார். ஐ.சி.எஸ். கிடைக்கவில்லை. பாரிஸ்டராகித் திரும்பினார். 1897-ல் பசந்தி தேவியை மணந்தார்.

ஆரம்பத்தில் தொழில் சரியாக நடக்கவில்லை. தகப்பனார் தாராள மனசுக்காரர், கடனும் அதிகம். அந்தக் கடன்களுக்குப் பிள்ளையும் பொறுப்பேற்றிருந்தார். 1906-ல் அப்பா, பிள்ளை இருவருமே இன்ஸால்வென்ட் ஆனார்கள். ஒரு பாரிஸ்டருக்கு இதைவிடத் தலைக்குனிவு வேறு இல்லை. ஆனால் சட்டப்படி அத்தோடு கடன் தீர்ந்தது. யாரும் வந்து கேட்க முடியாது.

பிறகு தொழில் ஓங்கியது. 1913-ல் தாஸ் தாமாகவே கோர்ட்டுக்குப் போய், பழைய கடன்காரர்கள் அத்தனை பேருக்கும் பைசா பாக்கியில்லாமல் கொடுத்துத் தீர்த்தார். கல்கத்தா ஹைகோர்ட் வட்டாரத்தில் இது பெரிய ஆச்சரியமாகப் பேசப்பட்டது. வாசகர்கள் இந்தச் சம்பவத்தை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். பின்னாளில் கொள்கையில் இளகியவர் என்று ஏசப்பட்ட மனிதர், சட்டமே விடுவித்த கடனைத் தம் மனச்சாட்சி விடுவிக்கவில்லை என்று திருப்பிக் கொடுத்தவர்.

அவர் பெயரை நாடறியச் செய்தது அலிப்பூர் வெடிகுண்டு வழக்கு. 1908-ல் அரவிந்தரும் மற்றவர்களும் கைதானார்கள். அரசாங்கத் தரப்பில் வாதாடியவர் நம் சென்னையில் கொடிகட்டிப் பறந்த பாரிஸ்டர் எர்ட்லி நார்ட்டன். எதிர்த்தரப்பில் அரவிந்தருக்காக தாஸ். மாதக்கணக்கில் வேறு வருமானத்தை விட்டுவிட்டு இந்த ஒரே வழக்கில் உழைத்தார். 1909 மே மாதம் அரவிந்தர் விடுதலையானார். தாஸ் கவிஞரும்கூட. அவருடைய சாகர் சங்கீத் என்னும் கவிதை நூலை அரவிந்தரே பின்னால் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார்.

எதிர்க்கப் போனவர் ஏற்றுக்கொண்டார்

1919-ல் ஜாலியன்வாலா பாக் படுகொலை பற்றி விசாரிக்கக் காங்கிரஸ் அமைத்த குழுவில் காந்திஜியோடு தாஸும் இருந்தார். அதே ஆண்டில் மாண்டேகு-செம்ஸ்ஃபோர்டு சீர்திருத்தச் சட்டம் வந்தது. மாகாணங்களில் இரட்டை ஆட்சி. கல்வி, சுகாதாரம், ஸ்தல ஸ்தாபனங்கள் ஆகியவை இந்திய மந்திரிகளுக்கு. போலீஸ், நிதி போன்ற கெட்டியான இலாகாக்கள் கவர்னர் கையில். இந்தச் சட்டசபைகளுக்குப் போகலாமா, கூடாதா என்பதுதான் அடுத்த ஐந்து வருஷம் காங்கிரஸை ஆட்டிவைத்த கேள்வி.

1920 செப்டம்பரில் கல்கத்தாவில் விசேஷ காங்கிரஸ் கூடியது. ஒத்துழையாமைத் தீர்மானத்தைக் காந்திஜி கொண்டுவந்தார். சட்டசபை, கோர்ட், சர்க்கார் பள்ளிக்கூடம் மூன்றையும் பகிஷ்கரிப்பது அதன் அம்சம். தாஸ் எதிர்த்தார். சட்டசபையை விட்டு வெளியே நிற்பது எதிரிக்கு இடத்தைக் காலி செய்து கொடுப்பதாகும் என்பது அவர் கட்சி. தோற்றார். டிசம்பரில் நாகபுரிக் காங்கிரஸ். தலைமை வகித்தவர் சேலம் விஜயராகவாச்சாரியார். வங்காளத்திலிருந்து ஒரு பெரும் பட்டாளத்தையே தம் செலவில் அழைத்துக்கொண்டு, தீர்மானத்தைக் கவிழ்க்கும் எண்ணத்தோடு தாஸ் போனார். அங்கே காந்திஜியோடு பேச்சு நடந்தது. முடிவில் ஒத்துழையாமைத் தீர்மானத்தை மகாசபையில் பிரேரேபித்தவரே தாஸ்தான்.

இதைச் சிலர் சரணாகதி என்றார்கள். ஆனால் ஊருக்குத் திரும்பியதும் அவர் செய்த முதல் காரியம், ராஜ வருமானம் தந்த பாரிஸ்டர் தொழிலை ஒரேயடியாக விட்டது. ஒரு கட்சியின் பெரும்பான்மை முடிவுக்குக் கட்டுப்படுவது என்றால் அதன் விலையையும் முழுக்கக் கொடுத்துவிட வேண்டும் என்று அவர் நினைத்திருக்க வேண்டும். தேசபந்து என்ற பட்டம் ஜனங்கள் வாயில் தானாக வந்தது.

1921 டிசம்பரில் வேல்ஸ் இளவரசர் கல்கத்தாவுக்கு வருவதாக இருந்தது. தொண்டர் படை சட்டவிரோதம் என்று அரசாங்கம் அறிவித்தது. தாஸ் ஊரார் பிள்ளைகளை முன்னே அனுப்பவில்லை. முதலில் தம் ஒரே மகன் சிரரஞ்சனைக் கதர் விற்கத் தெருவுக்கு அனுப்பினார். அவர் கைதானார். பிறகு மனைவி பசந்தி தேவியும், தங்கை ஊர்மிளா தேவியும் போய்க் கைதானார்கள். டிசம்பர் 10-ஆம் தேதி தாஸே கைதானார். அந்த மாதம் ஆமதாபாத் காங்கிரஸுக்கு அவர்தான் தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவர். அவர் சிறையில் இருந்ததால் ஹக்கீம் அஜ்மல் கான் அந்த இடத்தில் அமர்ந்தார்.

அந்தச் சமயம் மாளவியாஜி மூலமாக வைஸ்ராய் ரெடிங் பிரபுவிடமிருந்து வட்டமேஜை மாநாடு நடத்தலாம் என்று ஒரு யோசனை வந்தது. இளவரசர் வரும் நாளில் ஊர் அமைதியாக இருக்க வேண்டும் என்ற கவலை அரசாங்கத்துக்கு. சிறையிலிருந்த தாஸும் மௌலானா ஆஜாதும் இதை ஏற்கலாம் என்றார்கள். காந்திஜி, கராச்சி வழக்கில் சிறைப்பட்ட அலி சகோதரர்கள் உள்ளிட்டோரையும் விட வேண்டும் என்பது போன்ற நிபந்தனைகளைச் சொன்னார். தந்திகள் போய் வருவதற்குள் வாய்ப்பு நழுவிவிட்டது. தாஸுக்குக் கடுங்கோபமும் வருத்தமும். இரண்டு மாதத்துக்குள், 1922 பிப்ரவரியில், சௌரி சௌராவில் போலீஸார் எரிக்கப்பட்டார்கள். காந்திஜி இயக்கத்தையே நிறுத்தினார். மார்ச்சில் அவருக்கும் ஆறு வருஷ தண்டனை. ஆயிரக்கணக்கான தொண்டர்கள் சிறையில், இயக்கமோ கிடையாது, கையில் ஒன்றும் இல்லை என்ற நிலை. அந்த நிலையில்தான் தாஸ் விடுதலையாகி வெளியே வந்தார்.

கயையில் நடந்தது

அடுத்து என்ன செய்வது என்று ஆராயக் காங்கிரஸ் ஆறு பேர் கொண்ட ஒரு குழுவை நியமித்திருந்தது. சட்டசபைக்குப் போகலாம் என்றவர்கள் மோதிலால் நேரு, ஹக்கீம் அஜ்மல் கான், விட்டல்பாய் படேல். கூடாது என்றவர்கள் டாக்டர் அன்சாரி, ராஜாஜி, ஹிந்து பத்திராதிபர் கஸ்தூரிரங்க ஐயங்கார். சரிபாதி. எதிர்த்த மூவரில் இருவர் நம்மூர்க்காரர்கள்.

1922 டிசம்பரில் கயா காங்கிரஸ். தலைவர் தாஸ். அவருக்கு வயது 52. எதிரணியை நடத்தியவர் 44 வயது ராஜாஜி. இரு தரப்பும் சொன்னதை நியாயமாகச் சொல்ல வேண்டும்.

தாஸ் சொன்னது இது. சட்டசபைகள் ஒரு வேஷம். நாம் வெளியே நின்றால் வேறு ஆட்கள் உள்ளே போய், இந்தியாவின் சம்மதத்தோடு ஆட்சி நடப்பதாக உலகத்துக்குக் காட்டுவார்கள். உள்ளே போய்ப் பதவி ஏற்காமல், பட்ஜெட்டைத் தோற்கடித்து, வேஷத்தைக் கலைக்க வேண்டும். அதுவும் ஒத்துழையாமைதான், இடம் மட்டும் வேறு.

ராஜாஜி தரப்பு சொன்னது இது. வகுத்தவர் சிறையில் இருக்கும்போது அவர் வகுத்த திட்டத்தை மாற்றுவது தர்மமல்ல. உடைக்கப் போகிறோம் என்று உள்ளே போகிறவர்கள் நாளடைவில் நாற்காலிக்கு ஆசைப்படுவார்கள். தேர்தலும் வாதப் பிரதிவாதமும் தொண்டர்களைக் கிராமத்திலிருந்தும் கதரிலிருந்தும் பிரித்துவிடும்.

தேர்தலில் நிற்கலாம், ஆனால் ஸ்தானத்தில் உட்கார வேண்டாம் என்று எஸ். ஸ்ரீனிவாச ஐயங்கார் ஒரு நடுவழி சொல்லிப் பார்த்தார். அதுவும் எடுபடவில்லை. ஏறத்தாழ இரண்டுக்கு ஒன்று என்ற வாக்கில் தலைவரே தோற்றார். தோற்றவர் தலைவர் பதவியை ராஜினாமா செய்தார். ஆனால் காங்கிரஸை விட்டுப் போகவில்லை. 1923 புத்தாண்டோடு காங்கிரஸுக்கு உள்ளேயே சுயராஜ்யக் கட்சி பிறந்தது. தாஸ் தலைவர், மோதிலால் நேரு காரியதரிசி. மாறுதல் வேண்டுவோர் என்றும் மாறுதல் வேண்டாதார் என்றும் காங்கிரஸ் இரண்டாகப் பேசப்பட்டது.

எட்டு மாதம் தாஸ் ஊர் ஊராகச் சுற்றினார். ராஜாஜியின் கோட்டையான சென்னை மாகாணத்துக்கும் வந்தார். நம் பக்கத்தில் சத்தியமூர்த்தி அவர் பக்கம் நின்றார். 1923 செப்டம்பரில் டில்லி விசேஷ காங்கிரஸ், மௌலானா ஆஜாத் தலைமையில், விரும்புகிறவர்கள் தேர்தலில் நிற்கலாம் என்று அனுமதித்தது. மாறுதல் வேண்டாதாரும் காங்கிரஸ் உடையக் கூடாது என்பதற்காக ஓரளவு விட்டுக்கொடுத்ததால்தான் இது நடந்தது.

எங்கள் வீட்டில் நடந்தது

இப்போது அப்பா சொன்ன கதை. என் தாத்தா கும்பகோணம் முன்சீப் கோர்ட்டில் ப்ளீடர். 1921-ல் காந்திஜி சொன்னார் என்று கோர்ட்டை விட்டார். வீட்டில் ஐந்து குழந்தைகள். இருந்த நிலம் சாப்பாட்டுக்கு மட்டும் காணும். பாட்டியின் வளையல்கள் ஒவ்வொன்றாகப் போயின. அவர் தம்பி, எங்கள் சின்னத் தாத்தா, பள்ளிக்கூட வாத்தியார். அவரும் கதர்தான். 1923-ல் தாஸின் பிரசங்கத்தைக் கேட்டுவிட்டு வந்து, அண்ணாவிடம் திண்ணையில் உட்கார்ந்து, அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது என்றார். நாம் ஒதுங்கி நின்றதால் சென்னையில் நடந்தது என்ன, வேறொரு கட்சி மந்திரிசபை அமைத்ததுதான் என்பது அவர் வாதம்.

தாத்தாவுக்கு இது பொறுக்கவில்லை. நான் சோற்றை விட்டது போல் தொழிலை விட்டேன், நீங்கள் வெள்ளைக்காரன் மண்டபத்தில் போய் உட்காரப் பார்க்கிறீர்கள் என்று சொல்லிவிட்டு உள்ளே போனவர், பிறகு தம்பியோடு பேசவில்லை. 1926 தேர்தலில் தம்பி சுயராஜ்யக் கட்சி வேட்பாளருக்கு ஓட்டுக் கேட்டு அதே தெருவில் வந்தார், அண்ணா வீட்டு வாசலை மட்டும் தாண்டிப் போனார். பாகம் பிரிந்தது. கொள்ளுத்தாத்தா சிராத்தம் ஒரே திதியில், ஒரே தெருவில், இரண்டு வீடுகளில் தனித்தனியாக நடந்தது. இரண்டு வீட்டுக்கும் சேர்த்து ஒரே சாஸ்திரிகள் என்பதால், ஒரு வீட்டில் பிராமணர்கள் சாப்பிட்டு எழுந்திருக்கும்வரை மற்ற வீட்டில் காத்திருப்பார்களாம்.

உள்ளே போனவர் என்ன செய்தார்?

1923 நவம்பர் தேர்தலில் தயாரிப்புக்கு நேரமே இல்லாதபோதும் சுயராஜ்யக் கட்சி மத்திய சட்டசபையில் 101 தேர்தல் இடங்களில் 42-ஐப் பிடித்தது. வங்காளத்தில் தனிப்பெரும் கட்சி. மந்திரியாயிருந்த சுரேந்திரநாத் பானர்ஜியையே, சுயராஜ்யக் கட்சியின் ஆதரவோடு நின்ற டாக்டர் பி.சி. ராய் என்ற இளைஞர் தோற்கடித்தார். கவர்னர் லிட்டன் பிரபு மந்திரிசபை அமைக்கும்படி தாஸை அழைத்தார். ராஜாஜி பயந்த அந்த நாற்காலி எதிரே வந்து நின்றது. தாஸ் மறுத்துவிட்டார். மறுத்ததோடு, 1924-ல் மந்திரிகளின் சம்பளத்துக்கே பணம் ஒதுக்க முடியாது என்று சபையில் தோற்கடித்தார். இரட்டை ஆட்சி வங்காளத்தில் நடக்க முடியாமல் போயிற்று.

அதே ஆண்டு கல்கத்தா கார்ப்பரேஷன் தேர்தல். அங்கே மறுக்கவில்லை. ஜனங்களுக்குக் குடிதண்ணீரும் பள்ளிக்கூடமும் கொடுக்கக்கூடிய இடம் என்பதால் மேயரானார். துணை மேயர் சுஹ்ரவர்தி. தலைமை நிர்வாக அதிகாரி 27 வயது சுபாஷ் சந்திர போஸ். மூவாயிரம் ரூபாய் சம்பளத்தில் பாதியைத்தான் சுபாஷ் எடுத்துக்கொண்டார். எந்தப் பதவியை ஏற்பது, எதை மறுப்பது என்பதில் தாஸ் கண்ட வித்தியாசம் இங்கே தெரிகிறது. அதிகாரமே இல்லாத மந்திரி நாற்காலி வேண்டாம், சின்னதானாலும் கையில் காரியம் உள்ள நாற்காலி வேண்டும்.

அவர் செய்த சமரசங்களிலெல்லாம் துணிச்சலானது 1923 டிசம்பர் வங்காள ஒப்பந்தம். வங்காளத்தில் முஸ்லிம்கள் பாதிக்கு மேல், ஆனால் உத்தியோகங்களில் மிகக் குறைவு. ஜனத்தொகைப்படி சட்டசபையில் இடம், ஸ்தல ஸ்தாபனங்களில் எந்த சமூகம் அதிகமோ அதற்கு 60, மற்றதற்கு 40, சுயராஜ்யம் வந்தபின் அரசாங்க உத்தியோகத்தில் முஸ்லிம்களுக்கு 55 சதவீதம், மசூதிக்கு முன் மேளம் கூடாது, மதச் சடங்காக நடக்கும் பசுவதையில் தலையிடுவதில்லை என்றெல்லாம் அதில் இருந்தன. ஹிந்துக்களில் பலர் கொதித்தார்கள். காக்கிநாடா காங்கிரஸ் அதை ஏற்கவில்லை. ஆனால் 1924-ல் சிராஜ்கஞ்சில் கூடிய வங்காள மாகாண மாநாடு ஏற்றது. இதில் குறை சொல்ல இடமுண்டு. கீழே ஜனங்களிடம் பக்குவம் செய்யாமல், தலைவர்கள் மட்டத்தில், தம் ஒருவருடைய செல்வாக்கை நம்பி அவர் செய்த ஏற்பாடு அது. அவர் போன மறு வருஷமே, 1926-ல், கிருஷ்ணநகர் மாநாட்டில் அது கைவிடப்பட்டது. அதற்குப் பிறகு வங்காளம் போன பாதையை இந்த ஊரில் வசிக்கும் நமக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. ஸியால்டா ஸ்டேஷனைப் பற்றி நமது பெங்காலி அண்டை வீட்டுக்காரர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம்.

1924-ல் காந்திஜி விடுதலையானார். சட்டசபைப் பிரவேசம் அவருக்குப் பிடிக்கவில்லை. ஜூனில் ஆமதாபாத் கமிட்டிக் கூட்டத்தில் நூல் நூற்காதவர் பதவியில் இருக்கக் கூடாது என்று தீர்மானம் வந்து, தாஸும் மோதிலாலும் வெளியேறினார்கள். அக்டோபரில் வங்காளத்தில் அவசரச் சட்டம் வந்து சுபாஷ் முதலானோர் கைதானார்கள். அடிபட்டவர்கள் சுயராஜ்யக் கட்சிக்காரர்கள் என்பதைப் பார்த்ததும் காந்திஜி கல்கத்தாவுக்கு வந்தார். நவம்பரில் மூவரும் கையெழுத்திட்டார்கள். சட்டசபை வேலையைக் காங்கிரஸின் சார்பாகச் சுயராஜ்யக் கட்சி செய்யும். காங்கிரஸ் அங்கத்தினர் மாதம் 2000 கஜம் நூல் கொடுப்பார்கள். நூற்பதில் பெரிய நம்பிக்கை இல்லாத தாஸ் நூலுக்கு ஒப்பினார். சட்டசபையில் நம்பிக்கை இல்லாத காந்திஜி சட்டசபைக்கு ஒப்பினார்.

கடைசி மாதங்கள்

உடம்பு தேய்ந்துவிட்டது. 1925 ஜனவரியில் அவசரச் சட்டத்தை நிரந்தரமாக்கும் மசோதா வந்தபோது, தாஸை ஸ்ட்ரெச்சரில் வைத்துச் சட்டசபைக்குத் தூக்கி வந்தார்கள். மசோதா தோற்றது. தம் ரஸ்ஸா ரோடு வீட்டையும் பொதுக் காரியத்துக்கென்று எழுதி வைத்துவிட்டார். மே மாதம் ஃபரீத்பூரில் மாகாண மாநாடு. அரசாங்கம் மனம் மாறியதற்கு அடையாளம் காட்டினால், அரசியல் கைதிகளை விட்டால், சாம்ராஜ்யத்துக்குள் டொமினியன் அந்தஸ்துக்கு ஒத்துழைக்கலாம் என்று பேசினார். வெடிகுண்டு மார்க்கத்தையும் கண்டித்தார். இளைஞர்கள் முகம் சுண்டிவிட்டது. லண்டனிலிருந்து அவர் எதிர்பார்த்த பதில் வரவில்லை.

ஓய்வுக்கு டார்ஜிலிங் போனார். காந்திஜி அங்கே போய்ச் சில நாள் கூடத் தங்கினார். ஜூன் 16-ஆம் தேதி தாஸ் காலமானார். வயது 54. உடல் கல்கத்தாவுக்கு வந்தபோது ஊர்வலத்தைக் காந்திஜியே முன்னின்று நடத்தினார். கேவ்ராதலா மயானத்தில் தகனம். அங்கே அவருடைய நினைவு மண்டபம் இருக்கிறது. நம்மவர்களில் அங்கே போகாதவர் யார்? போகும்போதெல்லாம் துக்கத்தோடு போவதால் நிமிர்ந்து பார்ப்பதில்லை. காந்திஜி வங்காளத்திலேயே தங்கி நிதி திரட்டி, கடன் அடைத்து, அந்த ரஸ்ஸா ரோடு வீட்டைப் பெண்களுக்கான ஆஸ்பத்திரி ஆக்கினார். அதுதான் 1926-ல் தொடங்கிய சேவா சதன். என் பெண் பிறந்த இடம், கொள்கையில் எதிரும் புதிருமாக நின்ற இருவரில் ஒருவர் கொடுத்து மற்றவர் கட்டியது.

யார் சொன்னது சரி?

ராஜாஜியின் பயம் பொய்யாகவில்லை. தாஸ் இறந்து நாலே மாதத்தில், 1925 அக்டோபரில், மத்திய மாகாணத்துச் சுயராஜ்யக் கட்சிக்காரர் தாம்பே கவர்னரின் நிர்வாகக் கவுன்சிலில் பதவி ஏற்றார். ஜெயகர், கேல்கர் முதலானோர் பதவி ஏற்கலாம் என்று பிரிந்தார்கள். அதே 1925-ல் ராஜாஜி திருச்செங்கோடு பக்கம் புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமம் அமைத்து, கதரும் மதுவிலக்குமாகக் கிராமத்தில் இருந்தார். 1930-ல் வேதாரண்யம் யாத்திரைக்குத் தலைமை வகிக்கிற பலம் அவருக்கு அப்படித்தான் வந்தது. அந்த யாத்திரை கும்பகோணம் வந்தபோது தாத்தாவும் சின்னத் தாத்தாவும் ஒரே கூட்டத்தில் நின்றார்கள். அப்போதும் பேசவில்லை.

ஆனால் தாஸ் சொன்னதும் நடந்தது. 1937-ல் காங்கிரஸ் தேர்தலில் நின்றது, ஜெயித்தது. ஜூலையில் சென்னை மாகாணத்தின் பிரதம மந்திரியாகப் பதவி ஏற்றவர், கயையில் சட்டசபைப் பிரவேசத்தைத் தோற்கடித்த அதே ராஜாஜி. நல்ல ஆட்சி செய்தார் என்று நம் பெரியவர்கள் சொல்வார்கள். இன்னொரு விசித்திரம். 1947 ஆகஸ்டில் சுதந்திர மேற்கு வங்காளத்தின் முதல் கவர்னராக, தேசபந்துவின் ஊருக்கே ராஜாஜி வந்து சேர்ந்தார்.

ரசாயனம் படித்தவன் என்ற முறையில் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. சுத்த இரும்பு மிருதுவானது, கத்திக்கு உதவாது. அதில் கொஞ்சம் கரி சேர்ந்தால்தான் எஃகு. கரி அதிகமானால் வார்ப்பிரும்பாகி, கீழே போட்டால் உடைந்துவிடும். எவ்வளவு என்பதுதான் விஷயம். தாஸ் விட்டுக்கொடுத்த சந்தர்ப்பங்களையெல்லாம் அடுக்கிப் பார்த்தேன். நாகபுரி, ஆஜாதோடு சிறையில், வங்காள ஒப்பந்தம், நூல், ஃபரீத்பூர். ஒன்றிலாவது அவர் வீட்டுக்கு ஏதாவது எடுத்துக்கொண்டு போனார் என்று காட்ட முடியாது. ஒவ்வொரு தடவையும் அவரிடமிருந்து ஏதோ ஒன்று போயிருக்கிறது. தொழில், பிள்ளையின் சுதந்திரம், மந்திரி பதவி, வீடு, கடைசியில் உடம்பு. சமரசம் செய்கிறவரைப் பற்றி நான் கேட்கும் கேள்வி இப்போதெல்லாம் இது ஒன்றுதான். இதில் அவருக்கு என்ன லாபம்? முப்பத்தைந்து வருஷ உத்தியோகத்தில் விதியைச் சொல்லிக் காரியத்தை நிறுத்தினவர்களையும் பார்த்தேன், காரியத்தைச் சொல்லி விதியை விற்றவர்களையும் பார்த்தேன். இந்தக் கேள்வியை முன்னமே கேட்கத் தெரிந்திருந்தால் சில ஃபைல்களில் நான் வேறு மாதிரி எழுதியிருப்பேன்.

எங்கள் வீட்டுக் கதையில் ஒன்று பாக்கி. 1937 ஜூலையில் ராஜாஜி பதவி ஏற்ற செய்தியோடு பேப்பர் வந்தது. அப்பாவுக்கு அப்போது 17 வயது. தாத்தா திண்ணையில் உட்கார்ந்து அதை இரண்டு தடவை படித்தாராம். பிறகு பேப்பரை மடித்து எடுத்துக்கொண்டு, மேல்துண்டைப் போட்டுக்கொண்டு, தெருக்கோடியிலிருந்த தம்பி வீட்டுக்கு நடந்தார். அந்த வீட்டு வாசலில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் திரும்பி வந்துவிட்டார். சின்னத் தாத்தா 1934-லேயே காலமாகிவிட்டார். அந்த வீட்டில் அப்போது வேறு யாரோ குடியிருந்தார்கள்.

அந்த வருஷம் முதல் தாத்தா இருந்தவரை, கொள்ளுத்தாத்தா சிராத்தத்தன்று தம்பிக்கும் சேர்த்து ஓர் இலை அதிகம் போடச் சொல்வாராம். சாஸ்திரத்தில் அதற்கு இடமில்லை என்று சாஸ்திரிகள் ஆட்சேபித்ததற்கு, இருக்கட்டும், போடுங்கள் என்று மட்டும் சொல்வார் என்று அப்பா சொன்னார்.